அழிக்கச் சொன்ன கதவு

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் பம்பாய்ச் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வரைபடங்களைக் கையால் எப்படிப் போட்டீர்கள், அதைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மையால் கோடு போடும் பழைய ரூலிங் பேனாவை எடுத்துக் காட்டினேன். தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “எவ்வளவு அழகான காலம் ஆன்ட்டி!” என்றாள் ஒரு பெண்.

எனக்குச் சுரீர் என்றது. பேனாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பேனாவால் என்னென்ன வரையச் சொன்னார்கள், எதையெல்லாம் அழிக்கச் சொன்னார்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, எஸ்.எஸ்.சி. தேறி, இரண்டு வருட டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்து, அறுபதுகளின் நடுவில் கோட்டைப் பகுதியில் ஒரு கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். என் படிப்புக் கதை இவ்வளவுதான்.

டிரேசர் என்றால் இப்போது யாருக்கும் தெரியாது. பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் மெழுகுபோல் வழவழக்கும் டிரேசிங் துணியை விரித்து, இந்தியன் இங்கில் ஒவ்வொரு கோட்டையும் நகலெடுப்பது எங்கள் வேலை. அந்தத் துணியிலிருந்துதான் பிரதிகள் எடுப்பார்கள். ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அந்த இடம் வெளுத்துச் சுருங்கிப் போகும். அதனால் மே மாதத்தில் மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் வரைவோம். சயானில் ரயிலேறும்போதே இரண்டு கைக்குட்டை எடுத்துக்கொண்டேனா என்று பார்த்துக்கொள்வேன்.

அலுவலகத்தின் தலைவர் பிரதான் சாஹேப், மராத்திக்காரர். என்னோடு பம்பாய் ஹிந்தியில் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். தினமும் பத்தரை மணிக்கு ஒவ்வொரு வரைபலகையாக வருவார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார், ஈரமான மையில் கை பட்டுவிடக் கூடாதென்று. தப்பு என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேசாமல் நிற்பார். அரை நிமிடத்தில் நகர்ந்துவிட்டால் எல்லாம் சரி. நகரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது, நாம்தான் தேட வேண்டும். ஒருமுறை மாடிப்படியில் ஒரு படி குறைவாகப் போட்டிருந்தேன். ஏழெட்டு நிமிடம் நின்றார். நான் எண்ணி எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தபோது, “ஹாங்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்.

அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அலுவலகத்தை விட்டு ஒருமுறை வெளியே போன வரைபடத்தில் எதை மாற்றினாலும், வலது ஓரத்தில் இருக்கும் திருத்தக் கட்டத்தில் எழுதியே தீர வேண்டும். என்ன மாற்றம், எந்தத் தேதி, யார் சொன்னது என்ற மூன்றும் இருக்க வேண்டும். “யார் சொன்னார்கள் என்று எழுதாத மாற்றம் திருட்டு” என்பார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் வசதியான தமிழர்கள் வாழும் மாதுங்காவிலிருந்த ஒரு தமிழர் சங்கம் எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். சயானுக்கும் தாராவிக்கும் இடையில் மாநகராட்சி அவர்களுக்கு ஒரு மனை ஒதுக்கியிருந்தது. கீழே சமூகக்கூடமும் வாசகசாலையும், மாடியில் பம்பாய்த் தமிழர்களின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு சிறு மியூசியம். இதுதான் திட்டம். மனையின் முன்பக்கம் பெரிய சாலை. பின்பக்கம் தாராவியின் சந்து. இரண்டு பக்கத்து மக்களும் பயன்படுத்த வேண்டும் என்பது மனையைக் கொடுக்கும்போதே மாநகராட்சி போட்ட நிபந்தனை.

பிரதான் சாஹேப் அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டார். சாலைப் பக்கம் ஒரு கதவு, சந்துப் பக்கம் அதே அகலத்தில், அதே உயரத்தில் இன்னொரு கதவு. இரண்டும் ஒரே கூடத்தில் நேருக்கு நேர் திறக்கும்படி போட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதுதான் முன்வாசல். பென்சில் படத்தை என் பலகையில் வைத்துவிட்டு, “இதில் பின்பக்கம் என்று எங்கேயும் எழுதாதே. வடக்கு வாசல், தெற்கு வாசல் என்று மட்டும் எழுது” என்றார். அன்று அவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்று நினைத்தேன்.

மாடியில் வைக்கப் போகும் பொருள்களின் அளவு தெரியாமல் கண்ணாடிப் பெட்டிகளை வரைய முடியாது. மாதுங்கா வீடுகளிலிருந்து வீணை, வெண்கல விளக்கு, கல்யாணப் பட்டு எல்லாவற்றின் அளவையும் சங்கமே எழுதி அனுப்பிவிட்டது. தாராவிப் பக்கம் யாரும் போகவில்லை. “நீ அங்கேதானே இருக்கிறாய், போய் அளந்து வா” என்று சாஹேப் என்னை அனுப்பினார்.

அளவு நாடாவும் நோட்டுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுற்றினேன். எனக்கு உதவியாக வந்தவர் மாடசாமி அண்ணாச்சி. அப்பாவோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டுக்கு அவர்தான் முன்னே உட்காருவார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“ஏளா செல்லத்தாயி, மாதுங்காக்காரவிய கட்டுத கட்டடத்துல நம்ம சாமானை எதுக்கு வைக்கப் போறாவ?”

“தமிழங்க எல்லாருக்குந்தான் அண்ணாச்சி. சந்துப் பக்கமும் வாசல் இருக்கு. நானே மையில வரைஞ்சிருக்கேன்.”

“நெசமாவா? சின்ன வாசலா, பெரிய வாசலா?”

“அந்தப் பக்கம் இருக்குத மாதிரியே.”

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வீடு வீடாகக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து தலையில் சுமந்து வந்த தகரப் பெட்டிகள், கொடையில் வாசித்த உடுக்கை, ஒரு பெண் முறுக்குச் சுட்டு விற்றே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த, முறுக்கு பிழியும் உழக்கு. கடைசியில் தன் வில்லையே இறக்கிக் கொண்டுவந்து தரையில் வைத்தார். பத்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நாடாவை இரண்டு தடவை நகர்த்தி அளந்தேன். அப்புறம் உள்ளே போய், தோலில் ஒட்டியிருக்கும் சதையை வழிக்கும் கத்தியை எடுத்து வந்தார். வில் போல வளைந்து இரண்டு முனையிலும் பிடி வைத்த கத்தி.

“இதையும் எழுதிக்கோ. இது இல்லேன்னா நம்ம ஆளுக ஒருத்தனும் இந்த ஊருக்கு வந்திருக்க மாட்டான்.”

வில்லின் நீளத்தைக் கேட்டதும் பிரதான் சாஹேபின் முகம் மலர்ந்துவிட்டது. மாடியின் கிழக்குச் சுவரில் இருந்த இரண்டு ஜன்னல்களை ஒதுக்கி, அந்த வில்லுக்காகவே நீளச் சுவரை உண்டாக்கினார். வரைபடங்கள் மாநகராட்சிக்குப் போயின, அனுமதியும் வந்தது.

பிறகுதான் சங்கத்தின் நிர்வாகக் குழு அலுவலகத்துக்கு வந்தது. செயலாளர் சேஷாத்ரி ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. நயமாகப் பேசுவார். வரைபடத்தை விரித்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ரொம்ப நன்னா வந்திருக்கு, மிஸ்டர் பிரதான்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தெற்கு வாசலில் விரலை வைத்தார். “இது மட்டும் வேண்டாம்னு தோணறது.”

பிரதான் சாஹேப் நிபந்தனையை ஞாபகப்படுத்தினார். சேஷாத்ரி தலையாட்டிவிட்டு, தன் பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில் சொன்னார்: “அவாளுக்கு வேணும்னா சுத்திண்டு வரட்டுமே. வரப்படாதுன்னா சொல்றோம்? கச்சேரி நடக்கறச்சே சந்துலேர்ந்து நேரா உள்ளே வந்தா எப்படி இருக்கும்? அப்புறம் இந்தத் தோல் கத்தி. மதராஸிகளைப் பத்தி இந்த ஊர்ல ஏற்கெனவே என்னென்னமோ சுவத்துல எழுதறான். நாம ஒரு மியூசியம் கட்டி அதுல மாட்டுத்தோல் கத்தியை வேற மாட்டணுமா?”

பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மளிகைக்கடை முதலாளி. தாராவி மக்கள் பாதிப்பேர் அவர் கடையில்தான் அரிசி வாங்குவார்கள். அவர் மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். “அதுவும் சரிதான் சார்” என்றார்.

அப்போதுதான் சேஷாத்ரி என்னைக் கவனித்தார். “நீ தமிழ்ப் பொண்ணா அம்மா? மாதுங்காவா?”

“தாராவி சார். அந்தக் கத்தி எங்க அப்பா பட்டறைக் கத்தி.”

அவர் முகம் சிவந்தது. ஆனால் விரல் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

அவர்கள் போன பிறகு சாஹேப் என்னைக் கூப்பிட்டார். மாநகராட்சியில் இருக்கும் படம் இருக்கட்டும். கட்டுகிறவருக்குக் கொடுக்கும் வேலைப் படத்தில் மட்டும் தெற்கு வாசலை எடுத்துவிட்டுச் சுவரை இழுத்துவிடு என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“சாஹேப், அனுமதி வாங்கின படத்தில் கதவு இருக்கிறதே?”

“கிளையன்ட் சொல்கிறார், செல்லா.”

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில்.

துணியிலிருந்து மையை அழிப்பது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் கேட்கவில்லை. சொல்கிறேன். பிளேடைப் பாதியாக ஒடித்து, கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடித்து, மையை மட்டும் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் துணி பிய்ந்துவிடும். பிறகு ரப்பரால் தேய்த்து, சுரண்டின இடத்தை விரல் நகத்தால் வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் புது மை பஞ்சில் பரவுவதுபோல் பரவும். ஒரு கதவு என்றால் இரண்டு பலகை, நிலை, அது திறக்கும் வளைவு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நானேதான் செய்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்த வருடம் இருமல் முற்றி, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சுவரை இழுத்து முடித்து, டிரேஸ் செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டிய இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. மேலே திருத்தக் கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பும்படி சாஹேப் சொல்லவில்லை. நிரப்பாதே என்றும் சொல்லவில்லை. இத்தனை நாளும் அவர் கற்றுக்கொடுத்தபடியே எழுதினேன்: தெற்கு வாசல் நீக்கப்பட்டது, தேதி, சங்கச் செயலாளரின் சொற்படி. நல்ல தடித்த எழுத்து. படத்தைப் பிரதி எடுக்க அனுப்பிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து மாநகராட்சி இன்ஸ்பெக்டர் கட்டட வேலையைப் பார்க்கப் போனார். அங்கே மேஸ்திரி விரித்து வைத்திருந்த படத்தில் அந்த வரியைப் படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சாஹேப் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் பலகைக்கு வந்தார். அன்று கைகள் பின்னால் இல்லை.

“இதை யார் எழுதினது?”

“நான்தான் சாஹேப். நீங்கள் சொன்ன விதிதான்.”

அரை நிமிடம் நின்றார். பிறகு போய்விட்டார். என்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிச் சங்கம் கடிதம் எழுதியது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர் அனுப்பவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் படங்கள் எதுவும் அதன்பின் என் பலகைக்கு வரவில்லை. தொழிற்சாலைக் கொட்டகைகளும் கிடங்குகளும்தான் வந்தன.

எழுப்பின சுவரை இடித்துக் கதவை வைத்தார்கள். வேறு வழி இல்லை. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழா ஒரு ஞாயிறு காலை. அலுவலகத்துக்காரர்கள் காரில் முன்பக்கம் போனார்கள். நான் எங்கள் சந்து வழியாகப் போனேன். மாடசாமி அண்ணாச்சியும் பட்டறை ஆட்கள் ஆறு பேரும் வெளுத்த சட்டையோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். உள்ளே நாதஸ்வரம் முடிந்து யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஆட்கள் இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாதென்பது விதி, அதனால் பூட்டவில்லை. அண்ணாச்சி இரண்டு பலகைகளையும் வெளிப்பக்கமாக இழுத்துத் திறந்தார்.

எதிரே மரத்தடுப்பு. ஒரு பெரிய கண்ணாடி அலமாரியின் முதுகு. வாசலின் அகலத்துக்குச் சரியாக அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

“திரும்பிப் போயிரலாம் அண்ணாச்சி. நான் போய்ச் சண்டை போடுதேன்” என்றேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“நீ எதுக்குட்டி சண்டை போடுத? சும்மா இரு.” அலமாரியின் இரண்டு பக்கத்தையும் தட்டிப் பார்த்தார். ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “என்னவே, ஈரத் தோலு கட்டை விடவா கனத்துரப் போவுது? ரெண்டு பேரு அந்தப் பக்கம் கையக் குடுங்க. உள்ள சாமான் இருக்கும், அலுங்கப்படாது.”

முதலில் அதை அலுங்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, கிடைத்த இடுக்கு வழியாகப் போய்ச் சுற்றி நின்றுகொண்டு, ஏழு பேரும் அதை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். உள்ளே இருந்த வெண்கல விளக்குகளில் ஒன்றுகூட அசையவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, கூடத்தின் நடுவரைக்கும் போனார்கள். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இருநூறு தலைகளும் திரும்பின.

“சார், பாதையில கெடந்திச்சு” என்றார் அண்ணாச்சி, மேடையைப் பார்த்து, மிகவும் மரியாதையாக. “இத எங்கன வைக்கணும்னு சொல்லுங்க, வெச்சிருதோம்.”

சேஷாத்ரி எழுந்து நின்றார். தலைமை விருந்தினருக்கு விவரம் தெரியாது. “அந்த ஓரமா வெச்சுடுங்கப்பா, ஜாக்கிரதை” என்றார். வைத்தார்கள். பிறகு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சந்திலிருந்து பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். மாடிக்குப் போனோம். நீளச் சுவரில் வில் இருந்தது. கீழே சீட்டு: ‘தமிழ்நாட்டு இசைக்கருவி. அன்பளிப்பு: நிர்வாகக் குழு.’ அண்ணாச்சி எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். கத்தியைக் காணவில்லை. தேடிப் போனால், காவலாளியின் அறையில், விருந்துக்கு வந்த இளநீர்க் குவியலின் மேல் கிடந்தது. அதை வைத்து இளநீர் சீவியதில் பிடியில் மட்டை நார் ஒட்டியிருந்தது. அண்ணாச்சி அதைத் துண்டால் துடைத்து இடுக்கிக்கொண்டார்.

“இது வேலைக்காவது ஆவும்” என்றார். மறுநாள் பட்டறையில் அதைத்தான் பிடித்திருந்தார்.

கையெழுத்துத்தான் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம். அந்த வாரமே ஒரு சீட்டு எழுதினேன்: ‘வில். தாராவி மாடசாமியும் குழுவினரும் கொடையில் வாசித்தது. அவர்கள் கொடுத்தது.’ கொண்டுபோய் மாட்டினேன். எடுத்துவிட்டார்கள். மறுபடி எழுதி மாட்டினேன். மறுபடி எடுத்தார்கள். மூன்றாவது சீட்டும் போயிற்று. நான்காவதை யாரும் எடுக்கவில்லை. சலித்துப்போயிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையில் அந்தக் கட்டடத்தைப் பற்றி பிரதான் சாஹேப் கட்டுரை எழுதியிருந்தார். தெற்கு வாசல் வழியாகத் தாராவிப் பெண்கள் உள்ளே போகும் படம். அடியில் எழுதியிருந்தது: பல எதிர்ப்புகளுக்கு நடுவில் கட்டடக்கலைஞர் இந்த வாசலை விட்டுக்கொடுக்க மறுத்தார். ரயிலில் நின்றபடி படித்தேன். சயானில் இறங்கத் தோன்றாமல் குர்லாவரை போய்விட்டேன்.

மறுநாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

“சாஹேப், இந்த வாசலை நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள். நான் அழித்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“முதலில் வரைந்தது நான்தானே, செல்லா? பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுத முடியுமா? இப்போது கதவு இருக்கிறது. ஜனங்கள் போகிறார்கள். அது போதாதா?”

“அவர்களுக்குப் போதும் சாஹேப்” என்றேன். “உங்களுக்கு எப்படிப் போதும்?”

நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். ஆத்திரத்தில் கொஞ்சம் வேகமாகவே சாத்திவிட்டேன். கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே, அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருப்பேன்.